பச்சைக் கண் திறந்தது: பிரெஞ்சு வால்வுகளுக்கு ஒரு சோதனைப் பலகை

போன சனிக்கிழமை இரவு ஒன்பதே முக்கால் மணிக்கு அந்த மேஜிக் ஐ வால்வு கண் திறந்தது. பழைய ரேடியோவில் ஸ்டேஷன் சரியாக விழுந்ததைப் பச்சை ஒளியால் காட்டும் வெற்றிடக் கண்ணாடிக் குழல் அது. அறை விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். முதலில் ஒன்றுமில்லை. அரை நிமிடம் கழித்துக் கண்ணாடியின் உச்சியில் வாழைக் குருத்தின் நிறத்தில் ஒரு மங்கல் தெரிந்தது. அது மெல்லப் பரவி, நடுவே சிறிய கறுப்புத் தொப்பியும் எதிரெதிரே இரண்டு நிழல்களுமாக நிலைத்தது. நான்கு மாதங்களாக என் மேசையில் பெயர் தெரியாமல் கிடந்த வால்வு அது. பெயரைத் தொலைத்தவன் நான்தான். அதனால் நடந்ததை வரிசையாக, தவறுகளையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

வால்வுப் பெட்டி வந்தது புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து. அங்கே ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கின் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள் என்று ஞாயிறு சந்தையில் எனக்குப் பழக்கமான ஒரு கடைக்காரர் சொன்னார். மெக்கானிக் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய மனைவி பரணிலிருந்து ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியை இறக்கிக் கொடுத்தார். "கப்பலில் வந்த சாமான் தம்பி, யாரும் தொடக் கூடாது என்பார். நீங்களாவது பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். பேரம் பேச மனம் வரவில்லை. அவர் கேட்ட 1,500 ரூபாயைக் கொடுத்தேன். உள்ளே நாளிதழ்த் தாளில் சுற்றிய 43 வால்வுகள். சிலவற்றுக்கு அட்டை உறையும் அதில் கம்பெனிப் பெயரும் இருந்தன: மினிவாட் டாரியோ, விஸ்ஸோ, மாஸ்தா. உறைகளின் ஓரத்தையெல்லாம் வெள்ளிப்பூச்சி அரித்திருந்தது.

எட்டு ஆண்டுகளாக வால்வு சேர்க்கிறேன். இங்கே கிடைப்பவை பெரும்பாலும் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த ஒன்பது முள் வால்வுகள்: இசிஎல்82, இஎல்84, இசிஹெச்81. அவையும் நல்ல வால்வுகள்தான், ஆனால் எந்தப் பழைய ரேடியோவைத் திறந்தாலும் கிடைக்கும். இந்தப் பெட்டியில் இருந்தவை வேறு இனம். 6இ8, 6எம்7, 6ஹெச்8, 6எம்6 என்று அமெரிக்கப் பாணியில் எண்ணிட்டு, அடியில் எட்டு முள்ளோடு பிரான்சில் செய்யப்பட்டவை ஒரு கூட்டம். இஎல்3என், இசிஹெச்3, இபிஎஃப்2 என்று அடியில் முள்ளே இல்லாத, பக்கவாட்டில் எட்டுத் தகடுகள் பதித்த வால்வுகள் இன்னொரு கூட்டம். பிரான்சில் இவை அரிதல்ல. ஆனால் அந்தக் கறுப்பு பேக்கலைட் அடியை நான் கையில் எடுத்துப் பார்த்தது இதுதான் முதல் முறை.

ஐரோப்பிய வால்வு எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் எழுத்து ஹீட்டரை, அதாவது வால்வைச் சூடாக்கும் உள்கம்பியைச் சொல்லும்: ஏ என்றால் 4 வோல்ட், இ என்றால் 6.3 வோல்ட், சி என்றால் 200 மில்லிஆம்பியர், யு என்றால் 100 மில்லிஆம்பியர். அடுத்த எழுத்துகள் வேலையைச் சொல்லும்: சி டிரையோடு (மூன்று மின்முனை), எஃப் பென்டோடு (ஐந்து மின்முனை), எல் அவுட்புட் பென்டோடு, எம் மேஜிக் ஐ. எனவே இஎல்3என் என்ற பெயரைப் பார்த்ததுமே 6.3 வோல்ட் ஹீட்டர், ஸ்பீக்கரை ஓட்டும் வால்வு என்று தெரிந்துவிடும். பெயர் இருக்கும் வரை.

பெட்டி வந்த அன்றே நான் செய்த முதல் தவறு அதைப் பற்றியதுதான். வால்வுகள் மீது தூசியும் கரப்பான் எச்சமும் படிந்திருந்தன. ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். மூன்றாவது வால்வில் துணியின் மேல் வெள்ளைப் பொடி ஒட்டியது. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் துடைத்தேன். நான்காவதிலும் அப்படியே. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: அது அழுக்கில்லை, எண். கண்ணாடியின் மேல் பூசிய எழுத்து காய்ந்த சுண்ணாம்புபோல் ஈரத்தில் கரைந்து வந்துவிட்டது. இரண்டு வால்வுகள் பெயரில்லாமல் ஆயின. வால்வு சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இது: எழுத்து இருக்கும் இடத்தைத் தொடாதீர்கள். பேக்கலைட் அடியை மட்டும் துடையுங்கள். கண்ணாடிக்குக் காய்ந்த ஓவியத் தூரிகை போதும். துடைப்பதற்கு முன்பு எண்ணைப் படம் எடுத்துவிடுங்கள்.

அடுத்து மின்சாரம் இல்லாமலேயே செய்யக்கூடிய சோதனை. வால்வின் உள்ளே கண்ணாடியில் வெள்ளிப் பூச்சு போன்ற ஒரு கறை இருக்கும். அது கெட்டர், உள்ளே மிச்சமிருக்கும் காற்றை விழுங்குவதற்காக வைத்த பேரியம். அது கண்ணாடி போல் பளபளத்தால் வெற்றிடம் நிற்கிறது. பால் நிறமாக வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது. 43 வால்வுகளில் ஐந்து வெளுத்திருந்தன. மீதியில் ஹீட்டர் அறுந்தவை நான்கு. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இஎல்3என் ஹீட்டர் 6.3 வோல்ட்டில் 0.9 ஆம்பியர் எடுக்கும். சூடானபின் அதன் தடை 7 ஓம். குளிர்ந்திருக்கும்போது ஒரு ஓம் அளவுதான் காட்டும். என் மல்டிமீட்டரின் ஒயர்களுக்கே 0.3 ஓம் தடை இருக்கிறது. மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டுவதைப் பார்த்து ஹீட்டர் ஷார்ட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கடற்கரை ஊரின் உப்புக் காற்று எட்டு முள் வால்வுகளைத்தான் அதிகம் தின்றிருந்தது. முள் உள்ளே குழாய். அதன் நுனியில் கம்பியும் ஈயமும் சேரும் இடத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. முள்ளை உப்புத்தாளால் தேய்த்து, சால்டரிங் பேஸ்ட் தொட்டு, 35 வாட் அயர்னால் நுனியைச் சூடாக்கிப் பழைய ஈயத்தை உதறி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன். ஹீட்டர் அறுந்தது என்று நான் ஒதுக்கிய ஆறில் இரண்டு இப்படியே உயிர் பெற்றன. மேலே சொன்ன நான்கு, அதற்குப் பிறகும் மீளாதவை.

வால்வுக்கு மின்சாரம் கொடுத்து அளக்கும் சோதனைப் பலகைக்கு முதலில் டிரான்ஸ்பார்மர் வேண்டும். நெல்லித்தோப்பில் மோட்டார் காயில் கட்டும் அண்ணன் ஒருவரிடம் போனேன். 230 வோல்ட் பிரைமரி, 200 வோல்ட் 80 மில்லிஆம்பியர் ஒரு சுற்று, 4, 5, 6.3 வோல்ட் டேப்புகளோடு 2 ஆம்பியர் ஒரு சுற்று என்று எழுதிக் கொடுத்தேன். "வால்வு செட்டா? எங்கள் அப்பா காலத்துக்குப் பிறகு யாரும் இதைக் கேட்டதில்லை" என்றவர், 900 ரூபாயில் ஐந்து நாட்களில் முடித்துக் கொடுத்தார். 200 வோல்ட்டை நான்கு டையோடுகளால் நேராக்கி 47 மைக்ரோஃபாரட் கண்டென்சரில் நிரப்பினால் சுமை இல்லாதபோது 280 வோல்ட், வால்வு இழுக்கும்போது 255 முதல் 260 வோல்ட். அதுதான் எனக்குத் தேவை.

சோதனை முறை எளிது. சூடான கேத்தோடிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் பிளேட்டுக்குப் போகும்; நடுவே இருக்கும் கிரிட் அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும், ஸ்கிரீன் அதற்குத் துணை. இஎல்3என் வால்வுக்கு உரிய இயக்க நிலை 250 வோல்ட். கிரிட் -6 வோல்ட்டில் இருக்கும்போது பிளேட்டில் 36 மில்லிஆம்பியர், ஸ்கிரீனில் 4 மில்லிஆம்பியர். இரண்டும் சேர்ந்து 40. கேத்தோடில் 150 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் அதன் மேல் 6 வோல்ட் விழும். கிரிட்டுக்கு வேண்டிய -6 வோல்ட்டும் அதிலிருந்தே கிடைத்துவிடும். ஆக மீட்டரை அந்த 150 ஓம் மீது மாட்டினால் போதும். 6 வோல்ட் பக்கம் வந்தால் வால்வு இளமையாக இருக்கிறது. 4 வந்தால் நடுவயது. 2-க்குக் கீழே வந்தால் காட்சிக்கு மட்டும்.

கண்டென்சர் மீது 1 லட்சம் ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை முதல் நாளே போட்டேன். சுவிட்சை அணைத்தபின் கண்டென்சரில் தேங்கிய மின்சாரம் அரை நிமிடத்துக்குள் அதன் வழியாக வடிந்துவிடும். 280 வோல்ட் நேர்மின்சாரம் உயிரை எடுக்கக்கூடியது. இந்த ஒரு பாகத்தை மட்டும் யாரும் நாளைக்குப் போடலாம் என்று தள்ளிவைக்க வேண்டாம். பலகைக்கு முன்னால், மின்சாரம் அதன் வழியாகவே வரும்படி, ஒரு 60 வாட் சீரிஸ் பல்பும் வைத்தேன். எங்காவது ஷார்ட் என்றால் பல்பு பளிச்சென்று எரிந்து சொல்லிவிடும்.

எட்டு முள் சாக்கெட் காந்தி வீதி ஞாயிறு சந்தையில் இரண்டு கிடைத்தன, ஒன்று 60 ரூபாய். அதில் 6எம்6 வால்வைச் செருகினேன். 6எம்6 என்பது எட்டு முள் அடியில் இருக்கும் இஎல்3தான்; அளவுகள் எல்லாம் ஒன்றே. மீட்டர் 5.7 வோல்ட் காட்டியது. எத்தனை ஆண்டுகள் பரணில் கிடந்ததோ, அன்றுதான் கடையில் வாங்கியதுபோல் வேலை செய்தது. அந்த 6எம்6 பின்னால் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

சிக்கல் பக்கத் தகட்டு வால்வுகளில்தான். அதற்கு உரிய சாக்கெட் எங்கும் கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சாக்கெட்டின் விலையைவிட அஞ்சல் செலவு அதிகம். சொந்தமாகச் செய்ய முடிவு செய்தேன். இந்த அடியில் எட்டுத் தகடுகளும் சம இடைவெளியில் இல்லை. ஐந்து ஒரு பக்கம், மூன்று ஒரு பக்கம். தவறாகச் செருகாமல் இருப்பதற்காக அப்படிப் பிரித்திருக்கிறார்கள். வால்வின் அடியில் காகிதத்தைச் சுற்றிப் பென்சிலால் தகடுகளின் இடத்தைத் தேய்த்து எடுத்தேன். அந்தக் காகிதமே என் அளவுகோல்.

முதல் முயற்சி பிவிசி குழாய்த் துண்டு. பழைய பிளக் சாக்கெட்டிலிருந்து வெட்டிய பித்தளைத் தகடுகளை வளைத்து உள்ளே ஒட்டினேன். ஒயர் இணைத்து முடித்தபின் ஹீட்டர் தொடர்பைப் பார்த்தால் எங்கோ தப்பு: ஹீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. புத்தகங்களில் வால்வு அடியின் படம் எப்போதும் கீழிருந்து பார்ப்பதுபோல் வரையப்படும். நான் மேலிருந்து பார்த்து எட்டையும் கண்ணாடி பிம்பமாக இணைத்திருந்தேன். மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே பிடித்துவிட்டேன். இல்லையென்றால் 250 வோல்ட் எங்கே போயிருக்கும் என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

ஒயர்களை மாற்றி இணைத்து ஓர் இஎல்3என் வால்வைச் செருகினேன். 3 வோல்ட், 5 வோல்ட், பூஜ்யம், மறுபடி 4 என்று மீட்டர் தாவியது. வால்வு கெட்டுவிட்டது என்று ஒதுக்கப் போனவன், எதற்கும் பார்ப்போம் என்று அதே ஒயர்களை எட்டு முள் சாக்கெட்டுக்கு மாற்றி 6எம்6 போட்டேன். 5.7, அசையவில்லை. ஆக குற்றம் வால்வில் இல்லை, என் சாக்கெட்டில். பித்தளைத் தகடு வளைந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது, திரும்பி அழுத்துவதில்லை. அது போதாதென்று இருபது நிமிடத்தில் பிவிசி இளகிச் சாய்ந்துவிட்டது. ஹீட்டரும் பிளேட்டும் சேர்ந்து 15 வாட் அளவுக்குச் சூடு தரும் வால்வு; பிவிசியை நம்பியது தப்பு.

இரண்டாவது முயற்சி தேக்கு. நல்ல காய்ந்த துண்டு என்றுதான் நினைத்தேன். ஆனால் ஐப்பசி மழையில் புதுச்சேரியில் எதுவும் காய்ந்து இருப்பதில்லை. வால்வு இல்லாமலேயே பக்கத்துத் தகடுகளுக்கு இடையே சில லட்சம் ஓம் அளவுக்குக் கசிவு காட்டியது. கிரிட்டுக்குப் பக்கத்தில் 250 வோல்ட் இருக்கும்போது அந்தக் கசிவை வைத்துக்கொண்டு எந்த அளவையும் நம்ப முடியாது.

மூன்றாவதுதான் நின்றது. மோட்டார் வைண்டிங் கடைகளில் விற்கும், மின்சாரம் கடத்தாத, சூடு தாங்கும் 5 மில்லிமீட்டர் ஹைலம் ஷீட், 180 ரூபாய். வட்ட ரம்பத்தால் நடுவே துளையிட்டு மூன்று வளையங்களை அடுக்கித் திருகினேன். துளையின் ஓரத்தில் ஹேக்சா பிளேடால் எட்டு வெட்டுகள். தகடுகளுக்குப் பழைய டெலிபோன் ரிலே இரண்டை 60 ரூபாய்க்கு வாங்கிப் பிரித்தேன். ரிலேயின் இலைகள் வெறும் பித்தளை இல்லை; விரலால் தட்டினால் துடித்துத் திரும்பும் வில் உலோகம். ஒவ்வொன்றையும் 22 மில்லிமீட்டராக வெட்டி, நுனியை ஒரு தீக்குச்சியின் மேல் வைத்து லேசாக வளைத்து, அரால்டைட்டும் ஒரு நட்டும் போட்டு இறுக்கினேன். வால்வை அழுத்தியபோது 'டக்' என்று பிடித்துக்கொண்டது. அந்த ஒலியிலேயே வேலை சரியாகிவிட்டது தெரிந்தது.

தெரிந்தும் இன்னொரு தடை. மீட்டர் 7.3 காட்டியது, கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் 6 ஆயிற்று, எடுத்தால் மறுபடி ஏறியது. இஎல்3என் துடிப்பான வால்வு, கிரிட்டில் ஒரு வோல்ட் அசைந்தால் பிளேட்டில் 9 மில்லிஆம்பியர் அசையும். என் பலகையில் கிரிட்டுக்குப் போன ஒயர் ஒரு முழம். அது ஆண்டெனாவாகி வால்வு தானாக அலைந்துகொண்டிருந்தது. கிரிட் தகட்டை ஒட்டியே 1,000 ஓம் ரெசிஸ்டரை வைத்து, ஒயரையும் நான்கு விரற்கடையாகக் குறைத்தபின் அடங்கியது. மூன்று இஎல்3என் வால்வுகளின் கணக்கு: 5.8, 2.6, 0.9. இரண்டாவதை நான்கு மணி நேரம் ஹீட்டர் மட்டும் கொடுத்து எரியவிட்டேன். பிறகு 4.1 காட்டியது, மறுநாளும் அதிலேயே நின்றது. நெடுநாள் தூங்கிய வால்வை எடுத்தவுடன் எடை போடக் கூடாது.

வாயுச் சோதனையில் ஒரு நல்ல வால்வைத் தூக்கி எறிய இருந்தேன். இருட்டில் ஒரு 6எம்6 உள்ளே நீல ஒளி. காற்று புகுந்துவிட்டது என்று முடிவு செய்து கழற்றப் போனேன். உற்றுப் பார்த்தால் நீலம் கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்தது, காந்தத்தைக் கொண்டுபோனால் நகர்ந்தது. அது எலெக்ட்ரான் கண்ணாடியில் மோதி வரும் ஒளி, கெடுதல் இல்லை. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே ஊதாவாக நிற்பதுதான் வாயு. சந்தேகம் இருந்தால் கிரிட்டுக்கும் தரைக்கும் நடுவே 4.7 லட்சம் ஓம் வைத்து, பிறகு அதை ஒயரால் குறுக்கிப் பார்க்க வேண்டும். கேத்தோடு வோல்ட் அசையவில்லை என்றால் வால்வு சுத்தம். இந்தச் சோதனையில் மூன்று வால்வுகள் தோற்றன.

இனி எழுதக் கஷ்டமான பகுதி. பெட்டியில் ஒரே ஓர் இசிஹெச்3 இருந்தது. சிவப்புப் பூச்சு உதிராத, கெட்டர் பளபளக்கிற, அட்டை உறையோடு கூடிய வால்வு. தலையில் இருக்கும் உலோகத் தொப்பி மட்டும் ஆடியது. பசை காய்ந்து பொடியாகியிருந்தது. தொப்பியைக் கழற்றி ஒட்டலாம் என்று திருகினேன்; உள்ளே இருந்த கம்பி கண்ணாடியை ஒட்டி அறுந்தது. ஒரு மில்லிமீட்டர் மிச்சம். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து புதுக் கம்பி பற்றவைக்க முயன்றேன். ஈயம் ஒட்டவில்லை. பொறுமை இழந்து 60 வாட் அயர்னை எடுத்து அழுத்தினேன். 'ஸ்' என்று ஒரு சிறு ஒலி, கொசு பறப்பதைவிடச் சன்னமாக. கண்ணாடியின் நுனியில் தலைமுடி அளவு கீறல். என் கண் முன்னாலேயே வெள்ளிக் கறையின் ஓரம் பழுப்பாகி, உட்பக்கம் வானவில் போல் நிறம் மாறி, ஐந்து நிமிடத்தில் முழுதும் வெண்மையாயிற்று. அத்தனை காலம் உள்ளே நின்ற வெற்றிடம் என் அவசரத்தில் போனது. அன்று வேறு எதையும் தொடவில்லை.

அதை மறுபடி செய்வதென்றால் தொப்பியைத் திருகவே மாட்டேன். தொப்பியின் விளிம்பில் ஊசி முனையால் அரால்டைட் சுற்றிவர வைத்து ஒரு நாள் விட்டிருப்பேன். கம்பி அறுந்திருந்தால், 15 வாட் அயர்ன், நல்ல பேஸ்ட், ஒரு முறை தொட்டு மூன்று நொடியில் எடுத்துவிடுவது, ஆறவிட்டு மறுபடி தொடுவது. முடியவில்லை என்றால் முடியவில்லை என்று நிறுத்துவது.

இப்போது பெயர் தொலைந்த கண்ணுக்கு வருகிறேன். எட்டு முள், உச்சியில் வட்டத் திரை. மேஜிக் ஐ என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த எண்? எண் தெரியாமல் எந்த முள்ளில் 250 வோல்ட் கொடுப்பது? மூச்சின் ஈரத்தில் அழிந்த எழுத்து தெரிகிறதா என்று வாயால் ஊதிப் பார்த்தேன், பலனில்லை. பிறகு ஒரு பழைய சேகரிப்பாளர் சொன்ன வழி: வால்வை ஃப்ரீசரில் அரை மணி நேரம் வைத்து எடு. பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்து எடுத்தேன். சமையலறையின் ஈரக் காற்றில் கண்ணாடி முழுதும் நொடியில் பூத்தது. எழுத்து இருந்த இடத்தில் மட்டும் பனி வேறு மாதிரி படிகிறது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துச் சாய்த்தபோது, '6ஏஎஃப்' வரை தெரிந்தது. பத்து நொடிதான், துளிகள் சேர்ந்து வழிந்துவிட்டன. மறுநாள் மறுபடி செய்தபோது '7' தெரிந்தது. இரண்டாவது முறை கேமராவைத் தயாராக வைத்திருந்தேன். இந்த ஊரின் ஈரம் அன்று எனக்குப் பெரிய உபகாரம் செய்தது.

6ஏஎஃப்7 பிரெஞ்சு வால்வு, ஒரே கண்ணில் இரண்டு கூர்மை: ஒரு நிழல் சன்னமான ஸ்டேஷனுக்கும் அசையும், இன்னொன்று வலுவான ஸ்டேஷனுக்கு மட்டும் அசையும். இதையொத்த இஎம்34 வால்வும் எட்டு முள்தான். ஆனால் அதன் ஹீட்டர் 0.2 ஆம்பியர், இது 0.3. எனவே ஹீட்டரைக் கொண்டு உறுதிசெய்தேன். முள் 2, 7 நடுவே குளிர்ந்த தடை 3.6 ஓம். 6.3 வோல்ட் கொடுத்தபோது மீட்டரில் 0.29 ஆம்பியர். இரண்டு வழியும் ஒரே பெயரைச் சொன்னபின்தான் உயர் வோல்ட்டுக்குக் கை வைத்தேன். ஃப்ரீசரிலிருந்து எடுத்த வால்வை அதற்கு முன் ஒரு நாள் முழுதும் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் காயவைத்தேன்.

திரைக்கு நேராக 250 வோல்ட், இரண்டு பிளேட்டுக்கும் தனித்தனியாக 10 லட்சம் ஓம். கிரிட்டுக்கு இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளும் ஒரு வால்யூம் கன்ட்ரோலும். அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை இரவு கண் திறந்தது. குமிழைத் திருப்பினேன். -4 வோல்ட் அருகே ஒரு நிழல் கோடாகி மூடியது. எதிர்ப்பக்க நிழல் -15 வரை திருப்பியும் முழுதாக மூடவில்லை. திரையின் நடுவே பச்சை கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. இந்த வால்வு ஏதோ ஒரு வீட்டின் கூடத்தில் பல ஆண்டுகள் எரிந்திருக்கிறது. பச்சைப் பூச்சு எரிய எரியத் தேயும், திரும்ப வராது. அதனால் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அணைத்தேன். வீட்டில் எல்லோரையும் அழைத்துக் காட்டியபின்தான்.

கணக்கு: வால்வுகள் 1,500, டிரான்ஸ்பார்மர் 900, ஹைலம் 180, ரிலே 60, சாக்கெட் 120, ரெசிஸ்டர், கண்டென்சர், டையோடு, திருகு, அரால்டைட் எல்லாம் 340, மொத்தம் 3,100 ரூபாய். வால்வுக் கணக்கு: சோதித்த 27-இல் 16 நல்லவை, 8 தளர்ந்தவை, 3 வாயு. இப்போது எல்லாம் இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கின்றன. தகரப் பெட்டி இங்கே துருப்பிடிக்கும். சிலிக்கா ஜெல் நிறம் மாறினால் தோசைக்கல்லில் மெல்லிய தீயில் வறுத்து மறுபடி போடுகிறேன்.

அடுத்த டிரான்ஸ்பார்மரில் 12.6, 25, 50 வோல்ட் டேப்புகளையும் கேட்பேன். பெட்டியில் 25எல்6, 25இசட்6 இருந்தன. அவற்றுக்கு இப்போது வேறு 24 வோல்ட் டிரான்ஸ்பார்மரைக் கடன் வாங்கித்தான் ஹீட்டர் கொடுத்தேன். அந்த வால்வுகளை 6இ8, 6எம்7, 6ஹெச்8 மூன்றோடு ஒரே வரிசையில் கோத்தால் ஹீட்டர் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 69 வோல்ட்; 110 வோல்ட் லைனில் மிச்சத்தை விழுங்க 137 ஓம் ரெசிஸ்டர் போதும். டிரான்ஸ்பார்மரே இல்லாத ரேடியோ. முத்தியால்பேட்டை மெக்கானிக் அப்படிப்பட்ட செட்டுகளைத்தான் அதிகம் பார்த்திருக்க வேண்டும், அந்த ஐந்து வகையிலும் அவரிடம் இரண்டிரண்டு இருந்தன.

சோதிக்காமல் இருப்பவை ஆறு, எல்லாம் ரிம்லாக்: யுசிஹெச்42, யுஏஎஃப்42, யுஎல்41, யுஒய்41. கட்டைவிரல் தடிமனான கண்ணாடி, அடியில் எட்டு மெல்லிய முட்கள். கண்ணாடியின் அடியோரத்தில் கடுகு அளவுக்கு ஒரு குமிழ், சாக்கெட்டின் பள்ளத்தில் அது உட்கார்ந்தால்தான் வால்வு இறங்கும். யுஎல்41 ஹீட்டருக்கு மட்டும் 45 வோல்ட் வேண்டும். இந்தச் சாக்கெட்டை ஹைலத்தில் செய்ய என் கைக்கு வராது. கடலூர் முதுநகரில் ஒரு பழைய இரும்புக் கடையில் ரேடியோ சேசிஸ் இரண்டு கிடக்கின்றன, ஓரத்தில் வளையம் வைத்த சாக்கெட் இருக்கிறது என்று அந்த ஞாயிறு சந்தைக்காரர் சொல்லியிருக்கிறார். ஒரு யுஒய்41-ஐப் பஞ்சில் சுற்றிச் சட்டைப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு காலை முதல் பஸ்.